எண் கோட்பாட்டுக்கு இயற்கணித வடிவியல் (சமன்பாடுகளை வளைவரை மாதிரி வடிவங்களாப் பார்க்கற கணிதம்) எதுக்குங்க?

கேள்வி (கோபி, எம்.எஸ்சி. கணிதம்): ஆராய்ச்சிக்குப் போகணும்னா ரெண்டும் வேணும்ங்கறாங்க. பரப்பு 5, மூணு பக்கமும் விகிதமுறு எண் – இப்படியொரு செங்கோண முக்கோணம் தேடறதுல வளைவரை எங்கிருந்துங்க வருது?

பதில் (ஈரோடு): க − 5, க, க + 5 மூணும் விகிதமுறு எண்களோட வர்க்கமா இருந்தா முக்கோணம் கிடைச்சுரும்; மூணையும் பெருக்கினா அதுவும் வர்க்கம், அதான் ச² = க³ − 25க வளைவரை. அதுல (−4, 6) இருக்குது. அங்க தொடுகோடு போட்டா சாய்வு 23/12. அதை வர்க்கமாக்கி 8 கூட்டுங்க (−4-ஐ ரெண்டு தரம் கழிக்கறதுதான்), தொடுகோடு வளைவரையை மறுபடி வெட்டற புள்ளியோட க கிடைக்கும்: 1681/144, அதாவது 41/12-இன் வர்க்கம். அதுல 5 கழிச்சா 31/12-இன் வர்க்கம், 5 கூட்டினா 49/12-இன் வர்க்கம். 49/12, 31/12 ரெண்டோட வித்தியாசம் 3/2, கூடுதல் 20/3. இதுதான் செங்கோணத்தை ஒட்டின பக்கங்கள், கர்ணம் 41/6. எவ்வளவு அழகு பாருங்க!

பதில் (கோவை): பலரும் தடுமாறறது இங்கதான்: (−4, 6)-ல இருக்கற க = −4-ஐ நேரா போட்டா முக்கோணம் வராது, −4 வர்க்க எண் இல்லையே. (5, 0)-லயும் தொடுகோடு செங்குத்தா நிக்கும், புதுப்புள்ளி கிடைக்காது. படிக்கற வரிசைன்னா, முதல்ல வளையம் (கூட்டலும் பெருக்கலும் உள்ள அமைப்பு), கலுவா கோட்பாடு (சமன்பாட்டு மூலங்களோட சமச்சீர்), அப்புறம் நீள்வட்ட வளைவரை (மேல பார்த்த மாதிரி வளைவரை), அதோட விகிதமுறு புள்ளிகள் எல்லாம் முடிவான சில புள்ளிகள்ல இருந்தே கிடைக்கும்னு மோர்டெல் 1922-ல நிறுவின தேற்றம். ஸ்கீம் (இயற்கணித வடிவியலோட நவீன அடிப்படைக் கருத்து) அதுக்கப்புறம் போதுமுங்க.

கேள்வி கேட்டவர்: பரப்பு 1-க்கும் இதே வழியா போலாமுங்களா?

பதில் (ஈரோடு): முடியாதுங்க, ஃபெர்மாவே நிறுவிட்டார். ச² = க³ − க-வுல −1, 0, 1 இடத்துப் புள்ளிகளைத் தவிர வேற விகிதமுறு புள்ளி கிடையாது.