நாக்கோ ஜன்னலும் பூனையும்: கொசுவலை போதுமா?

கித்தாக்காட்டான்:
நேத்து ராஜா எழுதினது: "பூனைய வீட்டுக்குள்ள வளக்க நாக்கோ ஜன்னலுக்குக் (கண்ணாடிப் பட்டைய அடுக்கி வெச்சுத் திறந்து மூடுற ஜன்னல்) கொசுவலை அடிச்சாப் போதும்." படிச்சதும் கோவம்தான் வந்துச்சு. இத நம்பி எத்தன பேரு அடிக்கப் போறாங்களோ!

கொசுவலை பூனையத் தடுக்காது. முன்னங்கால் நகத்த மாட்டி ரெண்டு இழுப்பு, மூலையில கிழியும். கிழியலன்னா, சட்டத்துப் பள்ளத்துல சொருகின ரப்பர் கழண்டு வலை முழுசா வந்துரும். வெல்க்ரோவுல ஒட்டினது அதவிட மோசம், வெயில் பட்டாப் பசை இளகிரும். வேண்டியது இரும்புக் கம்பிவலை. ஒரு இன்ச் கண்ணு, துத்தநாகம் பூசினது, கம்பி 1.2 மில்லிமீட்டருக்குக் கொறையக்கூடாது. கிரில்லோட சேத்து அரை அடிக்கு ஒரு கட்டு போடணும். வெட்டின முனைய வெளிப்பக்கமா மடக்கணும், இல்லன்னா பாதத்தக் கீறும்.

தோட்டத்து ராஜா:
அண்ணே, ஒரு இன்ச் கண்ணுல கொசு வராதா? நம்ம ஊரு சுங்கை சிப்புட்ல டெங்கி இல்லையா? கொசுதான் பூனைக்கு இதயப்புழுவும் கொண்டாருது. கொசுவலைதான் சரி.

கித்தாக்காட்டான்:
கொசுவ யாரு விடச் சொன்னா? வெளிப்பக்கம் கொசுவலை, பூனை இருக்கிற பக்கம் கம்பிவலை. ரெண்டும் போடுங்க. நீங்க எழுதினது "கொசுவலை போதும்". அந்த "போதும்"தான் தப்பு.

செம்பனை செல்வி:
ரெண்டு பேரும் கண்ணாடிய மறந்துட்டீங்க. பழைய நாக்கோவுல அலுமினியப் பிடி தளந்திருக்கும். பூனை தலைய விட்டு முட்டுனா கண்ணாடி பக்கவாட்டுல நழுவி விழுந்துரும், பின்னாலயே பூனையும் போயிரும். பிடியோட நாக்க இடுக்கியால அழுத்தி மடக்குங்க, ரெண்டு முனையிலயும் சிலிக்கோன் வைங்க. கிரில் உள்பக்கம் இருந்தா, கம்பிவலை போட்டப்புறம் கண்ணாடியத் திறந்து மூடுற கைப்பிடி எட்டாது. அந்த எடத்துல கை நுழையுற அளவு வெட்டி, கொக்கி வெச்சு சின்ன கதவு மாதிரி பண்ணணும்.

லயம் நம்பர் 9:
கூண்டுல போட்டு வளக்கிறதுக்கு எதுக்கு பூனை? தோட்டத்துல அந்தக் காலத்திலேருந்து பூனை சுத்தி எலி புடிச்சித்தான் வாழுது.

செம்பனை செல்வி:
அந்த எலிதாங்க ஆபத்து. செம்பனைக்காட்டுல (எண்ணெய்ப்பனைத் தோட்டம்) வைக்கிற எலி மருந்து ரத்தத்த உறைய விடாது. மருந்து தின்ன எலியப் பூனை தின்னா அன்னிக்கே ஒண்ணும் தெரியாது. மூணு நாலு நாள் கழிச்சி ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். அப்புறம் டாக்டர் கிட்ட வைட்டமின் கே1, அதுவும் பல வாரம். சண்டை போட்டு வர்ற பூனைக்கு மூக்கு மேல ஆறாத புண்ணு வந்தா அது பூஞ்சைப் புண்ணாவும் இருக்கலாம். கீறல் பட்டா மனுசனுக்கும் வரும். மருந்து மாசக்கணக்குல குடுக்கணும்.

லயம் நம்பர் 9:
சரி, அடைச்சி வைங்க. கத்திக் கத்தியே பைத்தியம் புடிக்கும்.

கித்தாக்காட்டான்:
சும்மா அடைச்சா புடிக்கும்தான். கடுவன் கத்துறது பெரும்பாலும் பெட்டைக்காக. அஞ்சு ஆறு மாசத்துல குடும்பக் கட்டுப்பாடு பண்ணுங்க, பாதி கத்தல் நிக்கும். ஜன்னலோரம் ஆள் ஒசரத்துல ஒரு பலகை. நகம் கீற, முழு உடம்பும் நீட்ட முடியுற அளவு கட்டை, 80 சென்டிமீட்டருக்குக் கொறையாம, தேங்காநார்க் கயிறு சுத்தினது. அடிப்பலகை கனமா இருக்கணும். ஒருதரம் சாஞ்சிட்டா அப்புறம் அதுகிட்டயே வராது, உங்க சோபாவுக்குத்தான் போகும். குச்சியில கயிறு கட்டி ஒரு நாளைக்கி ரெண்டு தடவ, பத்துப் பதினஞ்சு நிமிசம் வெளையாட்டு. முடிஞ்ச உடனே சாப்பாடு, அப்பத்தான் வேட்டையாடி தின்ன மாதிரி அடங்கிப் படுக்கும். பூனை மலஜலம் போற மண்ணுத் தட்டு, பூனைக்கு ஒண்ணு, அதுக்கு மேல கூடுதலா ஒண்ணு. இதெல்லாம் செஞ்சிட்டு ஜன்னல்ல கொசுவலை மட்டும் போட்டா எல்லாம் வீண்.

தோட்டத்து ராஜா:
மறுபடியும் கொசுவலையா! போன மாசம் மண்ணுத் தட்டுல மரத்தூள் போடுறதப் பத்தி நான் எழுதினப்பவும் இவரு இப்படித்தான் வந்து மறிச்சாரு. எல்லாம் தெரிஞ்சவரு மாதிரி.

கித்தாக்காட்டான்:
மரத்தூள்ல நான் சொன்னது இன்னிக்கும் சரி. தச்சுப்பட்டறைத் தூள்ல பலகைக்கு அடிச்ச மருந்து கலந்திருக்கும், தூசி மூக்குல ஏறும். உருண்டையா அழுத்தின மரமண்ணு வாங்குங்கன்னேன். அதுல என்ன குத்தம்?

லயம் நம்பர் 9:
அண்ணே, கம்பிவலைய எதால கட்டுவீங்க? வெள்ளை பிளாஸ்டிக் டையா? ஒரு வருச வெயிலுக்கே உடைஞ்சிரும்.

கித்தாக்காட்டான்:
வெள்ளைன்னு நான் எங்க சொன்னேன்? கட்டுக்கம்பி, இல்லன்னா வெயில் தாங்குற கறுப்பு டை. சொல்லாதத சொன்னதா எழுதாதீங்க.

தோட்டத்து ராஜா:
பூனைக்குன்னே தடிமனான பாலியெஸ்டர் வலை விக்கிறாங்க, பிளாஸ்டிக் பூசினது. நகத்துக்கு லேசுல கிழியாது. அதுல கொசுவும் உள்ள வராம நிக்கும். அப்ப கொசுவலை போதும்னு நான் சொன்னது சரிதானே?

கித்தாக்காட்டான்:
அது வேற வலை. நீங்க நேத்து எழுதினது கொசுவலை. அதையும் ரப்பர்ல சொருகினா ரப்பர்தான் கழலும். மேல பட்டைச் சட்டம் வெச்சு, அரை அடிக்கு ஒரு திருகு போட்டாத்தான் நிக்கும்.

தோட்டத்து ராஜா:
கொசு நிக்குதா இல்லையா? நின்னா அது கொசுவலை.

கித்தாக்காட்டான்:
பூனை நிக்குமா? அதச் சொல்லுங்க மொதல்ல.