திருவையாறு பயணம், நாதஸ்வரம், பழைய கேசட்டுகள்: வழி சொல்லுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். வரும் தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போகிறேன். பஞ்சமி காலையில் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்டுவிட்டு, அப்புறம் சில நாள் அந்தப் பக்கமே சுற்றலாம் என்று எண்ணம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைவதைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டுமா, நேரே போனால் பார்க்க விடுவார்களா?

இன்னொன்று. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் எந்தக் கோயிலில் இப்போதும் சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியை முழுசாக வாசிக்கிறார்கள்? மண்டபத்தில் மைக் வைத்துக் கேட்பதில் எனக்கு மனம் நிறைவதில்லை. மல்லாரிக்குரிய கம்பீர நாட்டை ராகம் திறந்த வெளியில், தவிலோடு வர வேண்டும். ஊரும் விழா நாளும் சொன்னால் போதும், பயணத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வேன்.

இதைவிட அவசரம் கேசட்டுகள். கோயில் திருவிழாக்களில் அப்பா பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரிகள் அவை, வேறு பிரதி கிடையாது. சிலவற்றில் நாடாவை பிளேயரின் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிட்டது. இரண்டில் நாடாச் சுருளின் ஓரமாக வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது, அதனால் ஓட்டிப் பார்க்கவே இல்லை. நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றி, சுத்தம் செய்து, ஹெட்டைச் சரியாகத் திருகி வைத்து டிஜிட்டலாக்கித் தருபவர் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இருக்கிறாரா? கூரியரில் அனுப்ப மனமில்லை, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இரைச்சலை நீக்குகிறேன் என்று சீவாளியின் (நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) கரகரப்பையும் சேர்த்து வழித்துவிடாதவராக இருக்க வேண்டும். நேரில் கொடுத்து வாங்கிய அனுபவம் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.