கடல் இருக்கிற ஊருக்குப் பூங்கா எதுக்கு?

மண்டபத்தான்:
போன மாதம் சென்னையில் அக்கா வீட்டில் பத்து நாள் இருந்தேன். விடிய ஐந்தரைக்கே அக்கா அண்ணா நகர் டவர் பார்க்குக்குக் கிளம்பிவிடுவார், ஒரு நாள் தவறாது. ஞாயிறு சாயங்காலம் அங்கே உட்கார பெஞ்சு கிடைக்கவில்லை. இங்கே எங்கள் தெருமுனைப் புறம்போக்கில் சீமைக் கருவேலத்தை அழித்துப் பூங்கா வைக்கலாம் என்று பேச்செடுத்தால், "அதான் கடல் இருக்கே" என்று பெரியவர்கள் முடித்துவிடுகிறார்கள். நகரத்து ஆட்கள் பூங்காவுக்கு எதற்காகத்தான் இப்படிப் போகிறார்கள்?

தொண்டிக்காரன்:
தம்பி, நான் தி.நகரில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். வேலை முடிந்து நடேசன் பூங்காவில் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். டீ வாங்க வேண்டாம், ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், அவர்களுக்குக் வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. தினமும் சுவரைப் பார்க்கிற எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

பாம்பன் மருமகள்:
கடல் இருக்கு என்கிறவர்கள் பத்து மணி வெயிலில் மணலில் நின்று பார்க்கட்டும். நம் கரை பிழைப்பு நடக்கிற இடம். வலை காயும், ஐஸ் பெட்டி இறங்கும், ஏலம் நடக்கும், அதற்கு நடுவே எந்தப் பொம்பளை போய்க் காலாற நடப்பாள்? என் மாமியாருக்கு சுகர். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். அவர் ராமேஸ்வரம் ரோட்டு ஓரத்தில்தான் நடக்கிறார், டூரிஸ்ட் வேன் வரும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் இறங்கி நிற்கிறார், போன வாரம் செருப்பைத் துளைத்து முள் ஏறி, நான்தான் ஊசியால் எடுத்துவிட்டேன். பூங்கா வைத்தால் முதலில் விளக்கும் கழிவறையும் கேளுங்கள்.

உடைமரம்:
புல்தரை மட்டும் வேண்டாம், நம் உப்புத் தண்ணீருக்குத் தாங்காது. பூவரசு, புன்னை, வேம்பு வையுங்கள். உடைமரம் இருந்தால் வெட்டாதீர்கள், குடை மாதிரி விரிந்து நிற்கும் மரம் அது. கருவேலத்தை வேரோடு தோண்டுங்கள், வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துவிடும்.

மண்டபத்தான்:
கழிவறையை நான் யோசிக்கவே இல்லை அக்கா. ஊர்க்கூட்டத்தில் உங்கள் மாமியார் நடக்கிற கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். விளக்கு எத்தனை மணி வரை எரிய வேண்டும் என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.