பழைய டோபோ ஷீட்டின் (நிலவரைபடத்தின்) காந்த ஒதுக்கத்தை இன்றைக்கும் எடுக்கலாமா?

கண்மாய்க்கரை:
காரைக்குடிப் பக்கம் ஊருணிகளுக்கு வரும் வரத்துக்கால்களைத் தேட 58 ஜே/16 ஷீட்டை வைத்திருக்கிறோம். மடையிலிருந்து கோயில் கோபுரத்துக்கு ஷீட்டின் மேல் கோணமானி வைத்து அளந்தால் 64°. அங்கேயே நின்று பார்த்தால் காம்பஸில் 68°. காந்த ஒதுக்கத்தை, அதாவது காம்பஸ் முள் காட்டும் வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசத்தை, சொல்லும் ஷீட்டின் ஓரக்குறிப்போ பல பத்தாண்டு பழசு. எதை நம்புவது?

ஆணிக்கல்:
ஓரக்குறிப்பை விட்டுவிடுங்கள். அதிலுள்ள ஆண்டு மாற்றத்தைப் பெருக்கிக் கூட்டினாலும் சரிவராது, ஏனென்றால் மாறும் வேகமே மாறிக்கொண்டிருக்கும். 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். லண்டனில் 1580இல் 11° கிழக்கு. 1820 வாக்கில் 24° மேற்கு! நம் பக்கம் அவ்வளவு ஆட்டமில்லை. காரைக்குடியில் இப்போது ஏறக்குறைய 2° மேற்கு. எந்த இடத்துக்கும் ஒதுக்கத்தைக் கணக்கிட்டுத் தரும் உலகக் காந்த மாதிரியை (WMM) ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். 2025 பதிப்பில் அட்சம், தீர்க்கம், தேதி கொடுத்துத் துல்லியமாக எடுங்கள்.

மேற்கு ஒதுக்கம் என்பதால் ஷீட்டுக் கோணத்தோடு கூட்டணும்: 64 + 2 = 66. காம்பஸிலிருந்து ஷீட்டுக்கு வரும்போது கழிக்கணும். மாற்றிச் செய்தால் 4° பிழை, கிலோமீட்டருக்கு 70 மீட்டர். வேறு ஓடையில் போய் நிற்பீர்கள்.

புதிய ஷீட்டில் யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்துச் சதுரக் கட்டம் போடும் முறை) கட்டக்கோட்டிலிருந்து அளந்தால் 1.6° மட்டும் கூட்டுங்கள். நம் மண்டலத்தின் நடுக்கோடு 81° கிழக்கு. காரைக்குடி அதற்கு மேற்கே இருப்பதால் கட்டக்கோடு காட்டும் வடக்கே மெய்வடக்கிலிருந்து 0.4° மேற்கில் சாய்ந்திருக்கும்.

செம்பாறை:
மிச்ச 2° மடையின் இரும்பு ஷட்டர் வேலையாக இருக்கும். கோபுரத்தைப் பார்த்த நேர்கோட்டிலேயே 15 மீட்டர் பின்வாங்கி மறுபடி எடுங்கள். எண் மாறினால் இரும்புதான். கோபுரத்தடியிலிருந்து திருப்பியும் பாருங்கள். 180° வித்தியாசம் வரணும். நம்மூர் வீட்டுத் திண்ணையில் நின்று எடுக்கவே வேண்டாம், இரும்புக் கிராதியும் உத்திரமும் முள்ளை இழுத்துவிடும். செல்போனில் 'மெய்வடக்கு' அமைப்பு போட்டிருந்தால் திருத்தம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், திரும்பக் கூட்டாதீர்கள்.

கண்மாய்க்கரை:
நன்றிங்க. பின்வாங்கி எடுத்ததில் 66°. ஆனால் முள்ளின் தென்முனை அடியில் உரசி நிற்கிறதே?

ஆணிக்கல்:
ஐரோப்பாவுக்குச் செய்த காம்பஸ் அது. அங்கே வடமுனை கீழே சரியும் என்று தென்பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். காந்தச் சரிவு (முள் கிடைமட்டத்திலிருந்து கீழே சாயும் கோணம்) பூஜ்யமாகும் கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டிப் போவதால் இங்கே சரிவு மிகக் குறைவு. அந்த எடையே தென்முனையை இறக்கிவிடுகிறது. முள்ளில் பித்தளைச் சுருள் இருந்தால் நடுவை நோக்கிச் சிறிது நகர்த்துங்கள். எண்ணெய் நிரப்பிய அடைப்பு என்றால் திறக்க முடியாது, நிலநடுக்கோட்டுப் பகுதிக்கென்று சமன் செய்த காம்பஸாகக் கேட்டு வாங்குங்கள்.