முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு மீண்டும் காரோட்டியவர்கள் சொல்லுங்கள்

செம்பவாங்வாசி:
தம்பி, முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு கால் மரத்துப்போகிறது, எத்தனை வாரத்தில் காரோட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். "எத்தனை வாரம்?" என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. விலகிய ஜவ்வை மட்டும் எடுத்தவர்கள் சில வாரங்களிலேயே ஓட்டுகிறார்கள். எனக்கு இடுப்புப் பக்கம் எல்4, எல்5 எலும்புகளைத் திருகாணி போட்டு இணைத்தார்கள், மாதக்கணக்கில் காத்திருந்தேன். மருத்துவர் நாட்களை எண்ணவே இல்லை. ட்ரமடால் என்ற வலி மாத்திரையை நிறுத்தியாயிற்றா, வலது கால் மரத்துப்போகிறதா, குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவந்தால் யோசிக்காமல் பிரேக்கை மிதிப்பீர்களா என்றுதான் கேட்டார்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். முதுகு சுண்டி இழுக்குமோ என்ற பயமே காலை அரை நொடி தயங்க வைக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்பது 11 மீட்டர், இரண்டு காரின் நீளத்துக்கும் மேல். மருத்துவர் சரி என்ற பிறகும் நான் உடனே சாலையில் இறங்கவில்லை. நிறுத்திவைத்த காரில் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்தில் மனைவி எதிர்பாராத நேரத்தில் கைதட்டுவார், நான் மிதிப்பேன். எஞ்சின் அணைந்திருப்பதால் பெடல் சீக்கிரமே கல்லாகிவிடும். காலின் பலம் அதில் தெரிந்துவிடும்.

காரில் ஏறுவதும் ஒரு கலைதான். முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்தே உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் பிளாஸ்டிக் பையை விரித்தால் உடம்பு முறுக்காமல் வழுக்கித் திரும்பும். உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள், பிரேக் போடும்போது நாமும் வழுக்கக் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பின் பலமாடி நிறுத்துமிடத்தில் கதவை முழுக்கத் திறக்க இடமிருக்காது. ஓரத்து இடம் கிடைக்கும்வரை சுற்றினேன், பின்னால் ஹாரன் அடித்தவர்கள் அடிக்கட்டும்.

தோ பாயோ அக்கா:
எனக்குக் கழுத்தில் அறுவை. கால் நன்றாக வேலை செய்தது, தலைதான் திரும்பவில்லை. தீவு விரைவுச்சாலையில் இணையும்போது பக்கத்துத் தடத்தில் வரும் மோட்டார்சைக்கிள் கண்ணாடியில் தெரியவே தெரியாது. சின்னக் குவிகண்ணாடி ஒட்டிப் பார்த்தேன், ஓரளவுக்கு உதவியது. கழுத்துப் பட்டையோடு ஓட்டலாமா என்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார், கூடவே கூடாது. நம்பிக்கை வராவிட்டால் டான் டோக் செங் மருத்துவமனையில் காரோட்டும் திறனை மதிப்பிடும் திட்டம் இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

வாடகைக்கார் ஓட்டுநர்:
அக்கா சொன்னது சரி. என் தொழிலில் ஓட்டுவதைவிட உட்கார்ந்தே இருப்பதுதான் கொடுமை. எண்ணெய் நிலையம் கண்ணில் பட்டாலே இறங்கி நடப்பேன். கால்சட்டையின் பின் பையிலிருந்து இடுப்பைச் சாய்த்த பணப்பை இப்போது கதவோரத்தில். ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்துக்கு மட்டும் இன்னும் காரில் போவதில்லை. நெரிசலில் சிக்கினால் இறங்கி முதுகை நிமிர்த்த வழி ஏது?

தம்பி, உங்களுக்கு மரத்துப்போவது எந்தக் கால்? வண்டி ஆட்டோ கியரா, கிளட்ச் உள்ளதா? இடது கால் என்றால் கியரைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.