மற்ற தட்டெல்லாம் பாவம் செய்ததா?

ஈசூன் டீச்சர்:
எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் 9, 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஆராதனை முடிந்து, கீழே எல்லாரும் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தோம். அச்சார் வைக்கத் தட்டு போதவில்லை. ஒரு பையன் ஓடிப்போய், ஆராதனையில் அப்பம் பரிமாறும் திருவிருந்துத் தட்டை எடுத்து வந்துவிட்டான். மூத்த அக்கா ஒருவர் பதறி, “ஐயோ, அது பரிசுத்தமான தட்டு!” என்று பிடுங்கிக்கொண்டார். பையன் நேராக என்னிடம் வந்தான். “டீச்சர், பரிசுத்தம்னா பாவம் செய்யாம இருக்கிறதுன்னு சொன்னீங்க. அப்போ மத்த தட்டெல்லாம் பாவம் செஞ்சிருச்சா?”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தேவன் பரிசுத்தர் என்பதை இந்த வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்?

பொங்கோல் தம்பி:
தேவனுக்கென்று ஒதுக்கி வைத்தது பரிசுத்தம். அவ்வளவுதான் அக்கா. பையனுக்கு இது போதும்.

செம்பவாங் மாமா:
தம்பி சொல்வது தட்டுக்குச் சரி. தேவனுக்கு எப்படிப் பொருந்தும்? அவரை யார் யாருக்கென்று ஒதுக்கி வைப்பது? ஓரேப் மலையில் மோசே செருப்பைக் கழற்றிய இடம், அவர் ஆடு மேய்த்துக்கொண்டு போன வனாந்தரம்தான். தேவன் அங்கே வந்ததால் அது பரிசுத்த பூமி ஆயிற்று.

பையனுக்கு, ஏசாயா தீர்க்கதரிசி தேவனைத் தரிசனத்தில் கண்ட ஏசாயா 6-ஐ வாசித்துக் காட்டுங்கள். அங்கே நிற்கும் சேராபீன்கள் என்ற தூதர்களுக்கு ஆளுக்கு ஆறு செட்டை, அதாவது சிறகு. இரண்டால் முகத்தை மூடுகிறார்கள், இரண்டால் கால்களை மூடுகிறார்கள், மிச்ச இரண்டால் பறக்கிறார்கள். இவர்கள் ஒரு பாவமும் செய்ததாக வேதத்தில் இல்லை. அப்புறம் ஏன் முகத்தை மூட வேண்டும்? பாவமே இல்லாதவர்களாலும் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை என்றால், தப்பு செய்யாமல் இருப்பதைவிடப் பெரிய விஷயம் ஏதோ இதில் இருக்கிறது. அவர் படைத்தவர், மற்றதெல்லாம் படைப்பு. முதலில் அதைச் சொல்லுங்கள்.

அந்த வெளிச்சத்தில் நின்ற பிறகுதான் ஏசாயா, “ஐயோ! அதமானேன்” என்று தன் உதட்டின் அசுத்தத்தைப் பார்க்கிறான். நாம் பாவத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்து, தேவனைப் பள்ளிக்கூட டிசிப்ளின் மாஸ்டர் மாதிரி ஆக்கிவிடுகிறோம். ஒரு சேராபீன் கொண்டுவந்த பலிபீடத்து நெருப்புத்தழல் ஏசாயாவின் உதட்டில் படும்போது சுட்டதாக ஒரு வார்த்தைகூட இல்லை, அக்கிரமம் நீங்கியது என்றுதான் இருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குஷ்டரோகியை இயேசு தொட்டதையும் கூடவே சொல்லலாம். மோசேயின் நியாயப்பிரமாணப்படி தொட்டவருக்குத் தீட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் நோயாளி சுத்தமாகிவிட்டான்.

தட்டுக் கேள்விக்கு சகரியா 14. பிரதான ஆசாரியன் ஆரோனின் தலைப்பாகையில் கட்டிய பொற்பட்டத்தில் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்று வெட்டியிருக்கும். அதே எழுத்து ஒருநாள் குதிரைகளின் மணிகளிலும் இருக்குமாம், எருசலேமில் உள்ள பானையெல்லாம் பரிசுத்தமாகுமாம். அதுவரை அந்த அக்கா செய்ததில் தப்பில்லை. கொஞ்சம் மெதுவாகப் பிடுங்கியிருக்கலாம்.

ஈசூன் டீச்சர்:
சேராபீன்களை நான் இப்படி யோசித்ததே இல்லை மாமா. ஆனால் “நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராயிருங்கள்” என்கிறாரே தேவன். அவ்வளவு பெரியவரைப் போல நாம் எப்படி இருப்பது?

உட்லண்ட்ஸ் அக்கா:
அந்த வசனம் வருகிற லேவியராகமம் 19-ஐத் தொடர்ந்து வாசியுங்கள். வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு, கள்ளத் தராசு வைக்காதே, அந்நியனை உன்னைப்போல நேசி, கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே என்று வரிசையாக வரும். இங்கே சிங்கப்பூரில் சட்டப்படி மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தால் போதும். வேதம் ஒரு ராத்திரிகூடத் தவணை தரவில்லை. பணிப்பெண்ணின் சம்பளத்தை ‘உனக்காகத்தான் சேர்த்து வைக்கிறேன்’ என்று பிடித்து வைத்திருந்த ஒரு வீட்டில் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். ‘பரிசுத்தர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு அருமையாகப் பாடினார்கள்.

செம்பவாங் மாமா:
அதே அதிகாரத்தில் இருவகை நூல் கலந்த உடையைப் போடாதே என்றும் இருக்கிறது அக்கா. அதைத் தாண்டிப் போய்விட முடியாது. நல்ல முதலாளியாக இருந்தால் பரிசுத்தம் முடிந்தது என்று அர்த்தமில்லை. சரி, அந்த வீட்டில் மறுபடி கூட்டம் வைத்தால் என்னையும் கூப்பிடுங்கள். கூலியைப் பற்றிய 19:13-ஐ நானே சத்தமாக வாசிக்கிறேன்.