பொறியியல் மாணவர்களுக்குத் தேவை நெகிழ்ச்சியை எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் 60 பேருக்குப் பொருளியல் அடிப்படைகள் நடத்த உதவி வேண்டும்.

வகையீடு அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கோட்டின் சாய்வும் நெகிழ்ச்சியும் (விலை 1% மாறினால் வாங்கும் அளவு எத்தனை % மாறும் என்பது) ஒன்றென்றே நினைக்கிறார்கள். அளவு = 100 − 2 × விலை என்ற கோட்டில், விலையைப் பொறுத்து அளவு மாறும் வீதம் எங்கும் −2தான். நெகிழ்ச்சியோ விலை 10 ரூபாயில் −0.25, 25இல் −1, 40இல் −4. வருவாய் உச்சம் 25இல், 1,250 ரூபாய்.

குழப்பம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. தகைவு-திரிபு (stress-strain) வரைபடத்தின் நேர்கோட்டுப் பகுதியில், பொருளின் மீள்தன்மையை அளக்கும் யங் குணகம் என்பது சாய்வேதான். அந்தப் பழக்கம் இங்கும் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தது, பொருளியலாளர் மார்ஷலின் வழக்கப்படி விலையைச் செங்குத்து அச்சில் போடுகிறோம். வரைபடத்தில் சாய்வு −0.5 ஆகிவிடுகிறது.

ஒரு டீக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று சீட்டில் எழுதவைத்து, விலைவாரியாக எண்ணித் தேவைக்கோடு வரையலாம். பணம் கைமாறாததால் மனம்போன தொகையை எழுதுவார்கள், அதுதான் சிக்கல். 50 நிமிடத்துக்குள் உண்மையான தொகையை வரவழைக்க என்ன செய்கிறீர்கள்? நெகிழ்ச்சி வாய்பாட்டை இந்தச் சீட்டுச் சோதனைக்கு முன் தருகிறீர்களா, பின்னா? உங்கள் பயிற்சித்தாள் இருந்தால் பகிருங்கள்.